நீல விளிம்பு

எல்லாச் செடிகளையும் மூடிவிட்டு, அந்த ஒரே ஒரு ஹைட்ரேஞ்சியாவை மட்டும் தபித்தாள் மூடாமல் விட்டாள். மறதியால் அல்ல, வேண்டுமென்றேதான் விட்டாள்.

உதகைக்கு மேலே உள்ள பைன்மேட்டில் டிசம்பர் பிறந்துவிட்டால் மாலை ஐந்து மணிக்கு எல்லா வீட்டுத் தோட்டங்களிலும் ஒரே வேலைதான். கோத்தகிரிப் பக்கமிருந்து கட்டுக்கட்டாக மிளார் வரும். இலை அடர்ந்த குச்சிச் செடி அது. அதைப் பூச்செடிகளின் மேல் கூடாரம் மாதிரி சாய்த்து வைப்பார்கள். இரவில் விழுகிற உறைபனி மிளாரோடு நின்றுவிடும். அடியில் இருக்கிற செடி பிழைத்துக்கொள்ளும். காலையில் வெயில் ஏறியதும் மிளாரை எடுத்துச் சுவரோரம் அடுக்க வேண்டும். மறுபடி மாலையில் மூட வேண்டும். பிப்ரவரி வரைக்கும் இந்த ஊழியம் நடக்கும்.

தபித்தாளுக்குப் பனி வேண்டியிருந்தது. பனி பட்ட இலை ஒன்றை ஸ்கேனர் கண்ணாடியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது இரண்டு வருஷத்து ஆசை.

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. மார்க்கெட் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். கல்யாணம் என்று ஒன்று அமையவில்லை. அதைப்பற்றிக் கர்த்தரிடம் முறையிடுவதை நிறுத்தியும் பல வருஷமாகிவிட்டது. கடையில் மூடி உடைந்துபோன பழைய ஸ்கேனர் ஒன்று இருந்தது. புது இயந்திரம் வந்ததும் பழையதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒரு நாள் விளையாட்டாக அதன் கண்ணாடிமேல் காய்ந்த டேலியா ஒன்றைக் கவிழ்த்து வைத்து, மேலே கறுப்புத் துணி தைத்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, பொத்தானை அழுத்தினாள். திரையில் வந்த படத்தைப் பார்த்துவிட்டுக் கைகளைக் கோத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு நரம்பும், பூச்சி கடித்த ஓட்டையும், விளிம்பில் ஏறியிருந்த துருநிறமும் இருட்டுக்குள்ளிருந்து எழுந்து வந்து அவளைப் பார்ப்பது போல இருந்தன. பூவாக இருந்தபோது அது மறைத்து வைத்திருந்ததையெல்லாம் காய்ந்த பிறகு காட்டிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

அதிலிருந்து வருஷம் தவறாமல், பூக்காலம் முடிந்து ஜனங்கள் காய்ந்த செடிகளைப் பிடுங்கிப் போடுகிற நேரத்தில், ஒரு கூடையோடு வீடு வீடாகப் போவாள். பழுத்த இலை, காய்ந்த தண்டு, விதை பிதுங்கி நிற்கும் தலை, எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாள். பாங்கிலிருந்து ஓய்வு பெற்ற வேதநாயகம் தெருவே கேட்கும்படி கிண்டல் செய்வார். “பூ இருக்கிறப்போ இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டா. எல்லாம் செத்த பிறகு துஷ்டி கேட்கிற மாதிரி வந்து நிக்கிறா பாருங்க.”

“துஷ்டி கேட்கவும் ஒரு ஆள் வேணுமே சார்” என்பாள் தபித்தாள்.

அந்தப் படங்களைக் கிறிஸ்துமஸ் அட்டைகளாக அச்சடித்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்பாள். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரே ஒரு வரி இருக்கும்: இது இன்னார் தோட்டத்திலிருந்து, நன்றி. பிறகு எல்லாப் படங்களையும் சபையின் இணையப் பக்கத்தில் போடுவாள். இலை கொடுத்தவர்களுக்கு அவள் செய்த மரியாதை அது. அந்த ஒரு வரிக்காகவே பலர் நல்ல இலையாகத் தேடிக் கொடுத்தார்கள்.

மூடாமல் விட்ட மறுநாள் விடியற்காலையில் ஹைட்ரேஞ்சியாவின் ஓர் இலையும், வலைபோலக் காய்ந்திருந்த ஒரு பூத்தலையும் வெட்டினாள். இலை கருஞ்சிவப்பாக இருந்தது. விளிம்பு முழுக்க உப்புத் தூவியதுபோலப் பனி. கை நடுங்காமல் கொண்டுவந்து கண்ணாடியில் கவிழ்த்தாள். விளக்கு மெதுவாக நகர்ந்தது. முழுப்படத்துக்கு நாலு நிமிஷம். இரண்டாவது நிமிஷத்திலேயே விளக்கின் சூட்டில் பனி உருகி, இலை ஒரு மயிரிழை அசைந்து படிந்தது.

திரையில் இலையைச் சுற்றி மெல்லிய நீலக் கோடு ஒன்று ஓடியிருந்தது. அது ஏன் வந்தது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அந்த ஸ்கேனர் சிவப்பை முதலிலும் பச்சையை அடுத்தும் நீலத்தைக் கடைசியிலும் பிடிக்கும். நடுவில் பொருள் அசைந்தால் நீலம் மட்டும் வெளியே தள்ளி விழும். வழக்கமாக அப்படி வந்தால் அழித்துவிட்டு மறுபடி எடுப்பாள். ஆனால் இந்தக் கோடு, பனியே விரலால் தொட்டு வரைந்ததுபோல இருந்தது. அழிக்க மனம் வரவில்லை.

அடுத்த வீட்டுப் போஜன் அந்த வருஷம் கொடுத்திருந்தது கிலுகிலுப்பைக் காய்கள். அரசாங்கப் பூங்காவின் நாற்றங்காலில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அவர் மனைவி மாதிக்கு நாலு வருஷமாக நினைவு தப்பிக்கொண்டே போகிறது. கணவரின் முகம்கூட சில நாள் பிடிபடாது. ஆனால் காலையும் மாலையும் தோட்டத்துப் பாத்தி ஓரமாக நடந்து ஒவ்வொரு செடியையும் தொட்டுக்கொண்டே போவாள். கடைசியில் காய்ந்த கிலுகிலுப்பைகள் நிற்கும். ஒரு காயை ஆட்டி, உள்ளே விதைகள் உருளும் சத்தத்தைக் காதோரம் வைத்துக் கேட்பாள். கேட்டுவிட்டு வந்தால்தான் சாப்பிடுவாள். அவளுக்காகப் போஜன் காய்ந்த எதையும் பிடுங்குவதில்லை. தோட்டம் பரட்டைத் தலை மாதிரி கிடக்கிறது என்று தெரு பேசியதை அவர் பொருட்படுத்தவில்லை.

காய்களைக் கொடுத்தபோது கொஞ்சம் தயங்கி நின்றார். “மாதி பேரையும் சேர்த்துப் போடுங்க தங்கச்சி. ரேஷன் கார்டு தவிர அவ பேரு எங்கேயும் அச்சுல வந்ததில்ல” என்றார்.

கிலுகிலுப்பைக் காய் உருண்டையானது, உள்ளே காற்று. விளக்கு நகரும்போது எழுகிற சிறு அதிர்வுக்கே அது கண்ணாடியில் உருண்டது. மூன்று முறை எடுத்தாள். மூன்று முறையும் ஏதோ புகை மாதிரிதான் வந்தது. அச்சுக்குக் கொடுக்க மறுநாளே கடைசி. உங்கள் காய் சரியாக வரவில்லை என்று அந்த மனிதரிடம் போய்ச் சொல்ல அவளுக்கு மனசில்லை. இருந்த படங்களிலேயே அழகானது அந்தப் பனி இலை. அதன் கீழே எழுதினாள்: இது போஜன், மாதி தோட்டத்திலிருந்து, நன்றி.

பொய்தான். மனதில் ஏதோ சுருக்கென்றது. கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறவர் என்று சொல்லிக்கொண்டாள்.

போஜன் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். மனைவியின் விரலைப் பிடித்து அவள் பெயரின்மேல் வைத்து வாசித்துக் காட்டினார். பிறகு நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். “நல்லா இருக்கு தங்கச்சி” என்றார்.

படங்களைச் சபைப் பக்கத்தில் போட்ட மூன்றாம் நாள் அவர் வாசலில் ஜீப் வந்து நின்றது.

நீலவாட்டம் இந்த நாட்டுக்குள் வந்து அது ஏழாவது வருஷம். இலையின் விளிம்பில் நூல்போல நீலக் கோடு தெரியும். பனியின் அழகில் மயங்கிய தபித்தாளுக்கு அது நினைவுக்கே வரவில்லை. எட்டாவது நாள் அடுத்த நிலத்துக்குத் தாண்டும். ஒரு மாதத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் பச்சை என்று எதுவும் இருக்காது. முதல் இரண்டு வருஷம் ஜனங்கள் உருளைக்கிழங்குக்கும் அவரைக்கும் வரிசையில் நின்றார்கள். வரிசையில் நின்றே சிலர் விழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் இலைக்கண் வந்தது. நாட்டில் எவர் எந்த இலையைப் படமெடுத்து எங்கே போட்டாலும் அந்த இயந்திரம் பார்த்துவிடும். மனிதக் கண்ணுக்குத் தெரியாத தொடக்கத்திலேயே நீல விளிம்பைக் கண்டுபிடித்து, எந்த நிலம் என்று சொல்லிவிடும். அது வந்தபிறகு பஞ்சம் நின்றது. அதை யாரும் குறை சொல்லிப் பேசுவதில்லை. பேச நன்றிகெட்ட மனசு வேண்டும்.

ஜீப்பில் வந்தவள் ஆய்வாளர் கவின்மலர். இருபத்தெட்டு வயதிருக்கும். செருப்பைக் கழற்றி மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். கையிலிருந்த மின்பலகையில் தபித்தாள் எடுத்த படம் ஒளிர்ந்தது. நீலக் கோட்டைச் சுற்றி இயந்திரம் சிவப்பில் வட்டம் போட்டிருந்தது. அதன் கீழே தபித்தாள் எழுதிய அதே வரி.

தபித்தாள் வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். மூச்சு வாங்கியபடியே எல்லாவற்றையும் விளக்கினாள். பனி, விளக்கின் சூடு, மூன்று நிறங்கள், மயிரிழை அசைவு. “இது நோய் இல்லம்மா. என் மெஷின் செஞ்ச கோளாறு. இப்பவே ஒரு இலையை வெச்சு அதே கோட்டைக் கொண்டுவந்து காட்டறேன், வாங்க.”

“வேண்டாம் மேடம்.” கவின்மலர் குரலை உயர்த்தவில்லை. “இன்னொரு படம் வந்தா இன்னொரு நிலத்தை நான் எழுதணும். தயவுசெய்து எடுக்காதீங்க.”

“அப்போ ஒரு இலையைக் கிள்ளிட்டுப் போய்ச் சோதிச்சுப் பாருங்க.”

“எங்க ஆய்வுக்கூடத்துல சொல்றதுக்கு இருபது நாளாகும். வாட்டம் வேலி தாண்ட எட்டு நாள் போதும். நடுவுல இருக்கிற பன்னிரண்டு நாளுக்கு யார் பொறுப்பு? நீங்களா, நானா?” சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள். “எங்கப்பா கேத்தியில உருளை போட்டவர் மேடம். இந்த மெஷின் ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா அவர் இன்னைக்கு இருப்பார்.”



ஆய்வாளர் போஜன் பக்கம் திரும்பினாள். “ஐயா, இந்த இலை உங்க தோட்டத்து இலைதானா?”

போஜன் பலகையைப் பார்த்தார். பிறகு வேலிக்கு அப்பால் எங்கேயோ பார்த்தார். “பேர் போட்டிருக்கே” என்றார்.

“அந்தச் செடி எங்கே?”

“பிடுங்கிட்டேன்.”

முன்பெல்லாம் அவர் வேலியோரம் ஒரு ஹைட்ரேஞ்சியா நின்றது தபித்தாளுக்கும் நினைவிருந்தது. பாவம், தன் தோட்டத்து இலைதான் இது என்று மனுஷன் நம்பிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாள். அது என் தோட்டத்து இலை என்ற வார்த்தைகள் அவள் தொண்டை வரைக்கும் வந்தன. சொன்னால் ஜீப் தன் வாசலுக்குத் திரும்பும். இருபது வருஷம் வளர்த்த தோட்டம் போகும். ஏழு வருஷத்துக்கு அந்த மண்ணில் புல்கூட முளைக்கக் கூடாது. கோட்டைப்பற்றிய உண்மையை இன்னொரு முறை சொன்னால் போதாதா, இரண்டு தோட்டமும் பிழைத்துவிடுமே என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த ஒரு கணத்துக்குள் கவின்மலர் எழுதி முடித்து, போஜனின் கட்டைவிரலைப் பலகையில் வைத்து வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் நாலு பேர் வெள்ளை உடுப்பில் வந்தார்கள். முரட்டுத்தனமாக ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு செடியையும் வேரோடு எடுத்துக் கறுப்புப் பைகளில் போட்டுக் கட்டினார்கள். மண்ணுக்குள் குழாய் விட்டுக் கொதிநீராவி பாய்ச்சினார்கள். அதன்மேல் வெள்ளைப் பொடியைத் தூவினார்கள். மாதியை உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார் போஜன். கடைசியில் கிலுகிலுப்பைகளைப் பிடுங்கிப் பையில் போட்டபோது காய்கள் எல்லாம் சேர்ந்து கலகலத்தன.

உள்ளே மாதிக்கு அது கேட்டுவிட்டது. கதவைத் திறந்துகொண்டு சிரித்தபடி வந்தாள். வெறும் மண்ணை அவள் பார்க்கவே இல்லை. சத்தம் போன திசையில், பையைத் தூக்கிப் போகிறவன் பின்னாலேயே வண்டி வரைக்கும் நடந்தாள். அவன் நின்று திரும்பிப் பார்த்தான். மேலதிகாரி அங்கே இருக்கிறாளா என்று ஒரு பார்வை. பிறகு அந்தப் பையைத் தன் காதருகே தூக்கி, மாதிக்காக ஒரு முறை மெல்ல ஆட்டினான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது. வண்டி போய்விட்டது.

வாசலில் ஒரு பலகை நட்டார்கள். எட்டு நாளுக்கு அந்த வீட்டார் வேறெந்தத் தோட்டத்திலும் கால் வைக்கக் கூடாது; வெளியிலிருந்து ஓர் இலையோ காயோ அந்த வாசலுக்குள் வரக்கூடாது; ஏழு வருஷத்துக்கு அந்த நிலத்தில் எதுவும் பயிரிடக் கூடாது.

அந்த எட்டு நாளும் தபித்தாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். மாதி காலையில் வருவாள். வெள்ளைப் பொடியின்மேல் கால் பதித்து நடப்பாள். இல்லாத செடிகளின் உயரத்தில் கையை நீட்டி நீட்டி, ஒவ்வோர் இடத்திலும் நிற்பாள். கையில் ஒன்றும் தட்டாது. கடைசி வரைக்கும் போய்விட்டுத் திரும்ப முதலிலிருந்து தொடங்குவாள். சாப்பாட்டை வாய்க்குக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். போஜன் ஒரு டப்பாவில் கடுகைப் போட்டு அவள் காதருகே ஆட்டிப் பார்த்தார். அந்தச் சத்தம் வேறு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, டப்பாவைத் தள்ளிவிட்டாள். நாலைந்து வாய் கஞ்சியில் நாட்கள் நகர்ந்தன. அவள் கன்னம் உள்ளே போய்விட்டது.

தபித்தாள் இட்லியும் கஞ்சியும் செய்து அவர்கள் வாசல்படியில் வைத்துவிட்டு வந்துவிடுவாள். நின்று பேச, முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. ஞாயிறு ஆராதனையில் சபையார் அவளைச் சுற்றிக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள். வேதநாயகம்கூட, “மெஷின் தப்புக்கு நீ என்னம்மா பண்ணுவ?” என்றார். கிண்டலாக இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. மெஷினின் தப்பு ஒன்று. தன் பொய் ஒன்று. ஜீப்பின் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றது ஒன்று. மூன்றில் கடைசியானதுதான் பாரமாக அழுத்தியது. ஜெபிக்க முழங்காலிட்டால் வார்த்தைகள் கூரைக்குமேல் போகவில்லை.

ஏழாம் நாள் கடையைப் பூட்டிவிட்டு உதகையில் இருந்த அலுவலகத்துக்குப் போனாள். கவின்மலர் மேசையில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். தபித்தாளைக் கண்டதும் மூடி வைத்தாள்.

“அந்த இலை அவங்க தோட்டத்துது இல்லம்மா. என் தோட்டத்துது. நான்தான் பேரை மாத்திப் போட்டேன்” என்றாள் தபித்தாள். ஏன் போட்டாள் என்பதையும் சொன்னாள். உருண்டுபோன காய்கள், அச்சு, மாதியின் பெயர், எதையும் விடவில்லை.

ஆய்வாளர் பேனாவை விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டு கேட்டாள். “இதை எதுக்கு இப்போ சொல்றீங்க மேடம்?”

“அவங்க மண்ணை விட்டுருங்க. அவங்க மறுபடி எதையாவது நட்டுக்கட்டும்.”

“என்னால ஒரு நிலத்தைச் சேர்க்கத்தான் முடியும். எடுக்க முடியாது. எடுக்கிறதுக்கு வேற உத்தரவு வேணும். அப்படி ஒண்ணை நான் இந்த வேலைக்கு வந்ததிலிருந்து பார்த்ததில்ல.” அவள் குரல் தாழ்ந்தது. “நீங்க இங்கே வரவே இல்லன்னு நான் வெச்சுக்கறேன். வீட்டுக்குப் போங்க.”

இரக்கத்தோடுதான் சொன்னாள். தபித்தாளுக்கும் அது புரிந்தது. ஆனால் மறுபடி ஒருமுறை வாயை மூடிக்கொண்டு வெளியே வர அவளால் ஆகாது. “எழுதுங்கம்மா” என்றாள். எழுதிய பக்கத்தில் தன் நில எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாள். நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு ஆட்கள் வருவார்கள் என்று கவின்மலர் சொன்னாள். அலுவலகப் படிகளில் இறங்கும்போது, ஏழு நாளைக்குப் பிறகு முதல்முறையாக மூச்சு அடிவயிறு வரைக்கும் போனது. அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

எட்டாம் நாள் பகலோடு போஜன் வீட்டுக் கெடு முடிந்தது. நாலு மணிக்குத் தபித்தாள் அவர் வாசலுக்குப் போனாள். தன் தோட்டமும் போகப்போகிறது என்று சொன்னால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்றுகூட ஒரு மூலையில் நினைப்பிருந்தது.

போஜன் மாதிக்கு ஸ்வெட்டர் போட்டு, தலையில் கம்பளித் துணி கட்டிவிட்டுக்கொண்டிருந்தார். எங்கோ புறப்படுகிற அவசரம் அவர் கைகளில் தெரிந்தது. சுவரில் அந்த அட்டை அப்படியே மாட்டியிருந்தது.

“வாங்க தங்கச்சி. நானே உங்க வீட்டுக்குத்தான் கிளம்பிட்டிருந்தேன்” என்றார்.

அவள் உட்காரவில்லை. “அண்ணா, நான் ஒண்ணு சொல்லணும். அந்த இலை...”

“எங்க தோட்டத்து இலை இல்ல. தெரியும்.”

அவள் அவரையே பார்த்தாள்.

“அந்தச் செடியை நான் பிடுங்கி நாலு வருஷம் ஆச்சு. மாதி எதைக் கிள்ளினாலும் வாயில வெச்சுக்க ஆரம்பிச்சா. ஹைட்ரேஞ்சியா இலை வயித்துக்கு ஆகாது. அதனால முதல்ல அதைத்தான் எடுத்தேன்.” மாதியின் ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். “அட்டையைப் பார்த்த அன்னைக்கே தெரிஞ்சுது. காய் சரியா வரலை போல, அவ பேரு வரணுமேன்னு உங்க இலையைப் போட்டிருக்கீங்கன்னு நினைச்சேன். நல்ல மனசுல செஞ்சதை நான் எதுக்குக் கேட்கணும்?”

“அன்னைக்கு அந்தப் பொண்ணு கேட்டப்போ ஏன் அண்ணா சொல்லல?”

“சொன்னா அவங்க உங்க தோட்டத்துக்குப் போவாங்க. என்னோடதையும் விட மாட்டாங்க, சந்தேகம்னு சேர்த்துக்குவாங்க. பூங்காவுல இருந்தப்போ பார்த்திருக்கேன். ரெண்டும் போறதுக்கு ஒண்ணு போகட்டும்னு விட்டேன்.” அவர் முகத்தில் எட்டு நாளில் முதல்முறையாக ஏதோ வெளிச்சம் இருந்தது. “நான் கொடுத்த விதையில உங்க பின்பக்க வேலியில நாலு கிலுகிலுப்பை நிக்குதே. எட்டு நாள் எப்படியாவது ஓட்டிட்டா இவளை அங்கே கூட்டிட்டு வந்துடலாம்னு நாளை எண்ணிட்டிருந்தேன். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. உங்களுக்குத் தொந்தரவு இருக்காதே?”

தபித்தாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொன்னபோது இப்படி இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றபோதும் இப்படி இல்லை. உண்மையைச் சொல்லிவிட்டு நேற்று நிம்மதியாகத் தூங்கினோமே, அந்தத் தூக்கத்தை நினைத்தபோதுதான் தாங்க முடியவில்லை.

“நேத்து ஆபீசுக்குப் போனேன் அண்ணா” என்றாள். “என் இலைதான்னு எழுதிக் கொடுத்துட்டேன்.”

போஜனின் விரல்கள் கடைசிப் பொத்தானில் நின்றன.

“கையெழுத்துப் போட்டாச்சா?”

“போட்டுட்டேன்.”

“எப்போ வர்றாங்க?”

“நாளைக்கு. பத்து மணிக்கு.”

அவர் மெதுவாகக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மாதி அவர் முகத்தையும் இவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தெருவில் மிளார்க் கட்டு ஏற்றிய வண்டி ஒன்று மேட்டில் முனகிக்கொண்டு ஏறியது. அது வளைவில் திரும்பிச் சத்தம் அடங்கியது.

“உண்மையைத்தானே சொன்னீங்க” என்றார் கடைசியில். “அதுக்கு யார் உங்களைத் திட்ட முடியும்?” தபித்தாள் அழத் தொடங்கியதும் எழுந்து நின்றார். “அழாதீங்க தங்கச்சி. இவ பார்த்தா இவளும் அழுவா. இன்னும் ஒரு மணி நேரம் வெயில் இருக்கு. போய் கேட்டைத் திறங்க.”

மாதி தபித்தாளின் தோட்டத்துக்குள் கால் வைத்ததும் கையை நீட்டினாள். முதலில் ஒரு ஃபுக்ஷியாவின் வாடிய கிளை தட்டியது. நின்றாள். விரல்களால் அதை மேலிருந்து கீழ்வரை தடவினாள். அடுத்தது காய்ந்த டேலியா. அடுத்தது விதை உதிர்த்த சாமந்தி. எதையும் அவசரப்படாமல், தெரிந்தவர்கள் வீட்டில் ஒவ்வொருவரையும் நலம் விசாரிப்பது போலப் போனாள். ஹைட்ரேஞ்சியாவின் சிவந்த இலை ஒன்றைக் கிள்ளியபோது போஜன் கையை மெல்லப் பிடித்து, “அது வேண்டாம் மாதி” என்று வாங்கிக்கொண்டார். பின்பக்க வேலிக்குப் போனதும் அவளாகவே ஒரு காயைத் தொட்டாள். ஆட்டினாள். காதோரம் வைத்துக் கேட்டாள். பிறகு அடுத்த காய். நாலு செடியிலும் ஒரு காயையும் விடவில்லை.

தபித்தாள் பாலில் பன்னை நனைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். மாதி நின்றபடியே முழுதையும் சாப்பிட்டுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்பது போலக் கிண்ணத்துக்குள் பார்த்தாள். தபித்தாள் உள்ளே போய் இன்னொரு பன் கொண்டுவந்தாள். நாளைய மாலையைப்பற்றிப் போஜனும் தபித்தாளும் பேசிக்கொள்ளவில்லை. இந்த மேட்டில் வேறு எந்த வீட்டிலும் கிலுகிலுப்பை கிடையாது. இருந்தாலும், இந்தத் தோட்டத்தில் கால் வைத்ததற்கு நாளை அவர்களுக்கும் மறுபடி எட்டு நாள்; ஒரு காய்கூட வாசலுக்குள் வரக்கூடாது. எட்டு நாளை மாதியின் உடம்பு இன்னொரு தரம் தாங்காது என்று இருவருக்கும் தெரியும்.

வெயில் பைன் மரங்களுக்குப் பின்னால் இறங்கியது. காற்றில் கூர்மை ஏறியது. தபித்தாள் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தபோது, போஜன் சுவரோரம் அடுக்கியிருந்த மிளாரை அள்ளிக்கொண்டிருந்தார். முதல் கட்டைக் கொண்டுபோய் ஹைட்ரேஞ்சியாவின் மேல் சாய்த்தார். இடைவெளி தெரிந்த பக்கம் இன்னும் இரண்டு குச்சிகளைச் செருகினார்.

“அண்ணா, காலையில பத்து மணிக்கு எல்லாத்தையும் பிடுங்கப் போறாங்க” என்றாள் அவள்.

“பத்து மணிக்குத்தானே?” அவர் திரும்பிப் பார்க்கவில்லை. “பனி விடியறதுக்குள்ளயே விழுந்துடும்.”

தபித்தாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். மிச்சமிருந்த கட்டுகளை இரு கைகளாலும் அள்ளிக்கொண்டு பின்பக்க வேலிக்குப் போனாள். அங்கே மாதி இன்னும் ஒரு காயைக் காதோரம் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்டு முடிக்கும் வரைக்கும் தபித்தாள் மிளாரோடு காத்து நின்றாள்.